ஓஷின்: ஒரு மூடை அரிசியும் பார்வையாளரின் தீர்ப்பும்

இரத்தினபுரி, கேகாலை மாவட்டத் தோட்டங்களில் கைத்தொலைபேசியின் சிறு திரையில் ஜப்பானிய அனிமே படங்களைப் பார்க்கும் மாணவர்களை இன்று காணலாம். 2025 ஜூலை 18 ஆம் திகதி ஜப்பானில் வெளியான 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்' என்ற திரைப்படம் அவ்வாண்டு செப்டெம்பரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தபோது தமிழ்க் குரலுடனும் வந்தது. தொலைக்காட்சித் தொடராகப் பல பருவங்கள் ஒளிபரப்பான கதையின் தொடர்ச்சியே அத்திரைப்படம். அதனால் அதைப் பற்றிய பார்வையாளர் கருத்துகளும் இரண்டாகப் பிரிந்தன. தொடரை முன்னரே பார்த்தவர்கள் கொண்டாடினர். பாராதவர்களோ, யார் யாரோடு எதற்காகப் போரிடுகிறார்கள் என்பதே விளங்கவில்லை என்றனர்.

தொடரை அறிந்தவர்களிடையேயும் ஒரு விவாதம் எழுந்தது. கொடிய அரக்கனாகக் காட்டப்படும் ஒரு பாத்திரம், முற்காலத்தில் நோயுற்ற தந்தைக்கு மருந்து வாங்க வழியின்றித் திருடிய ஏழைச் சிறுவன் என்பதைப் படம் விரிவாகச் சொல்கிறது. உச்சக்கட்டப் போரை நிறுத்திவிட்டுப் பழங்கதை சொல்வது எதற்கு என்று சிலர் சலித்துக்கொண்டனர். அந்தப் பழங்கதை இல்லையேல் படத்தில் வேறென்ன இருக்கிறது என்று மற்றவர்கள் கேட்டனர்.

இவ்விவாதம் புதியதன்று. தொலைக்காட்சித் தொடரொன்று அனிமே திரைப்படமாவதும், அதில் வரும் ஏழைப் பிள்ளையின் துயரத்தை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதில் பார்வையாளர்கள் வேறுபடுவதும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே நிகழ்ந்தவை. அன்று அக்கதையின் நாயகி ஓஷின் என்ற சிறுமி. இலங்கையில் ஒரு தலைமுறையினர் அப்பெயரை இன்னும் மறக்கவில்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து நகர வீடுகளுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளை நாம் எவ்வாறு பார்த்தோம் என்ற வினாவோடும் அக்கதை தொடர்புடையது.

'ஓஷின்' தொடரை ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை காலை வேளைகளில் ஒளிபரப்பியது. பகுதி ஒன்றுக்குப் பதினைந்து நிமிடங்களாக 297 பகுதிகள். எழுதியவர் சுகாகோ ஹஷிதா. ஒளிபரப்புக் காலம் முழுவதற்குமான அதன் சராசரிப் பார்வையாளர் வீதம் 52.6 ஆகவும், உச்ச வீதம் 62.9 ஆகவும் பதிவாயின. ஜப்பானியத் தொலைக்காட்சி நாடகங்களில் இது தனிச் சாதனை. பின்னர் அறுபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் அத்தொடர் ஒளிபரப்பானது.

கதை 1907 இல் தொடங்குகிறது. வட ஜப்பானின் யமகதாப் பகுதியில், சொந்த நிலமற்ற குத்தகை விவசாயி ஒருவரின் மகள் ஓஷின். விளைச்சலில் ஏறத்தாழப் பாதி நிலவுடைமையாளருக்குப் போய்விடும். எஞ்சிய அரிசியோடு முள்ளங்கியைக் கலந்து சோறாக்கிக் குடும்பம் காலந்தள்ளும். உண்ணும் வாய்களில் ஒன்றைக் குறைப்பதற்காகப் பிள்ளைகளை வேலைக்கு அனுப்புவது அப்பகுதி ஏழைகளின் வழக்கம். வயது ஏழாகும் ஓஷின் ஓராண்டுப் பணிக்காக மர வியாபாரி ஒருவரின் வீட்டுக்கு அனுப்பப்படுகிறாள். அதற்கு ஈடாக அவளது குடும்பத்துக்குக் கிடைப்பது ஒரு மூடை அரிசி. பனி மூடிய மொகாமி ஆற்றில் ஓடம் அவளை ஏற்றிக்கொண்டு விலகுகையில், கரையில் நிற்கும் தாயை நோக்கி அவள் குரல் எழுப்பும் காட்சி உலகெங்கும் பார்வையாளரைக் கலங்க வைத்தது.

தொடர் முடிவடையும் தறுவாயில், 1984 மார்ச்சில், சன்ரியோ நிறுவனம் அதன் சிறுபராயப் பகுதியை மட்டும் எடுத்து அனிமே திரைப்படமாக வெளியிட்டது. இயக்கியவர் எய்ச்சி யமமோட்டோ. தொடரில் சிறுமி ஓஷினாக நடித்த அயாகோ கொபயாஷியே திரைப்படத்திலும் அவளுக்குக் குரல் கொடுத்தார்.

தொலைக்காட்சித் தொடர் திரைப்படமாவதற்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று, தொடர் விட்ட இடத்திலிருந்து கதையைத் தொடர்வது. 'டீமன் ஸ்லேயர்' அந்த வகையைச் சேர்ந்தது. 2020 ஒக்டோபரில் வெளிவந்த அதன் முன்னைய படமான 'முகென் டிரெயின்' ஜப்பானில் 4,000 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. அதனைத் தயாரித்தவர்களே அடுத்த ஆண்டு அப்படத்தைப் பகுதிகளாகப் பிரித்துத் தொலைக்காட்சிக்கும் கொடுத்தனர். மற்றைய வழி, தொடரில் ஏற்கெனவே சொன்னதைச் சுருக்கிச் சொல்வது. 'ஓஷின்' படம் இவ்வகையினது.

சுருக்கிச் சொல்லும்போது இழப்பது எது? தொடரில் சிறுமி ஓஷினின் கதை மட்டுமே 36 பகுதிகள். அதாவது ஒன்பது மணி நேரம். ஆறு வாரங்களாக, நாள்தோறும் பதினைந்து நிமிடங்கள் அவளோடு வாழ்ந்த பார்வையாளருக்கு அவள் அயல் வீட்டுப் பிள்ளை போன்றவள். அதே குரலைச் சித்திர முகத்திலிருந்து கேட்கும்போது, தாம் அறிந்த பிள்ளையை அவர் நினைவிலிருந்து மீட்டெடுத்துக் கொள்கிறார். தொடரைப் பாராதவருக்கு அந்த நினைவு இல்லை. அவர் காண்பது அடுத்தடுத்து வரும் துன்பங்களை மட்டுமே. தொடர் எட்டிய உயரத்தைத் திரைப்படம் எட்டாமற் போனதில் வியப்பில்லை. பிற்காலத்தில், 2013 இல், நடிகர்களைக் கொண்டு மீண்டும் ஒரு திரைப்படம் எடுக்கப்பட்டபோதும் சிறுபராயக் கதையே தெரிவாயிற்று.

இத்தெரிவுக்கு ஒரு விளைவு உண்டு. தொடரின் முதற்பகுதியில் நாம் சந்திப்பது முதிய ஓஷினை. அவளது குடும்பம் நடத்தும் பேரங்காடியின் புதிய கிளை திறக்கப்படும் நாளில், விழாவைத் துறந்து, தான் கடந்து வந்த இடங்களைத் தேடி அவள் புறப்படுகிறாள். செல்வம் பெருகிய ஜப்பான் தன் வழியில் எதையோ தொலைத்துவிட்டதா என்று கேட்பதே ஹஷிதாவின் நோக்கம். பின்னைய பகுதிகளில் ஓஷின் வணிகராகிறாள், மனைவியாகிறாள், போரில் மகனை இழக்கிறாள். போருக்குத் துணைபோன கணவரையும் இழக்கிறாள். போரை எதிர்க்காதிருந்த தன்னையும் அவள் குற்றஞ்சாட்டிக் கொள்கிறாள். சிறுபராயத்தோடு நின்றுவிடும்போது இந்தக் கேள்விகளுக்கு இடமில்லாமற் போகிறது. எஞ்சுவது பொறுமையான ஒரு சிறுமியின் படிமம்.

உலகப் பார்வையாளர் பலர் பற்றிக்கொண்டதும் அந்தப் படிமத்தையே. ஜப்பானில் சிலர் ஓஷினுக்கென்று அரிசியும் பணமும் அனுப்பி வைத்தார்கள். 'பொறுமை' என்ற சொல்லே தொடரின் சாரமாகக் கொள்ளப்பட்டது. ஈரானில் 1989 ஜனவரியில், தாம் பின்பற்றத்தக்க பெண் ஓஷின்தான் என்று வானொலி நேர்காணலில் பெண்ணொருவர் கூறிவிட்டார். நபிகள் நாயகத்தின் திருமகள் பாத்திமாவுக்கு உரிய இடத்தைத் தொலைக்காட்சிப் பாத்திரத்துக்கு அளிப்பதா என்று கொமெய்னி சினங்கொண்டார். வானொலி அதிகாரிகள் தண்டிக்கப்பட்டுப் பின்னர் மன்னிக்கப்பட்டார்கள். வியட்நாமில் நேர்ந்தது வேறு. அங்கே 'ஓசின்' என்பது வீட்டுப் பணிப்பெண்ணைக் குறிக்கும் பொதுச் சொல்லாக மொழியில் நிலைத்துவிட்டது. ஈரானியப் பெண் ஓஷினிடம் கண்டது உறுதியை. வியட்நாமியர் கண்டது அவள் செய்த தொழிலை. ஒரே பாத்திரம், பார்ப்பவர் வாழும் இடத்துக்கேற்ப வேறு வேறு பொருள் தந்தது.

இலங்கைக்கு வருவோம். ஜப்பானிய அரசின் நன்கொடை உதவியோடு அமைக்கப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் திகதி தொடங்கிவைக்கப்பட்டது. 'ஓஷின்' அதில் சிங்களக் குரலோடு ஒளிபரப்பாகி நாடெங்கும் புகழ்பெற்றது. சப்பிரகமுவத் தோட்டங்களின் நிலைமை நுவரெலியாவின் நிலைமையைப் போன்றதன்று. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்ட, பலாங்கொடை, காவத்தை, இறக்குவானை எனப் பரந்து கிடக்கும் தேயிலை, இறப்பர் தோட்டங்களைச் சூழ்ந்திருப்பவை சிங்களக் கிராமங்கள். இங்குள்ள தமிழ்த் தொழிலாளர் பலருக்குச் சிங்களம் சந்தையிலும் வேலைத்தளத்திலும் பழகிய மொழி. 1977, 1981, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் அச்சமுற்று வாழ்ந்த இம்மக்கள், அயற்கிராமத்தவர் கண்ணீர் விட்ட அதே கதையைத் தாமும் அதே மொழியில் பார்த்தார்கள்.

இறக்குவானைக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றில், உறவினரின் லயன் வீட்டில் அத்தொடரின் சில பகுதிகளைப் பார்த்த நினைவு எனக்கு உண்டு. மின்சாரம் இல்லை. கார் பற்றரியில் இயங்கிய கறுப்பு வெள்ளைப் பெட்டி அந்த லயன் முழுவதற்கும் ஒன்றுதான். சிங்களம் நன்கறிந்த ஓர் அம்மா, சுற்றியிருந்தோருக்கு உரையாடல்களைத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தார். ஓடம் விலகும் காட்சியில் எல்லோரும் விம்மினர். அவர் மட்டும் விம்மவில்லை. பக்கத்திலிருந்த பெண், "பெரியம்மா, ஒங்களுக்கு மனசு வலிக்கலையா?" என்று கேட்டாள். "அந்தப் புள்ளைக்கு உண்டான அரிசிய யாரு வாங்கிக்கிட்டது? அது கையில என்னா குடுத்தாங்க?" என்று அவர் திருப்பிக் கேட்டார். அவருடைய மூத்த மகள் கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள் என்பதை நான் பின்னரே அறிந்தேன்.

'ஓஷின்' பற்றி நான் கேட்ட கருத்துகளில் ஆழமானது இதுவே என்று இன்றும் எண்ணுகிறேன். மற்றவர்கள் சிறுமியின் பொறுமையைப் பார்த்தார்கள். அந்த அம்மா கொடுக்கல் வாங்கலைப் பார்த்தார். இருவர் பேசி முடித்த ஓர் ஒப்பந்தத்திலிருந்தே கதை தொடங்குகிறது. அரிசி கொடுத்தவர் ஒருவர், பெற்றவர் ஒருவர். உழைப்பவள் அதில் தரப்பினளே அல்லள்.

அரிசிக்கு ஈடாக உழைப்பு என்பது தோட்ட மக்கள் அறியாததன்று. தோட்ட நிருவாகம் அரிசியைக் கொடுத்து, அதன் பெறுமதியைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்குக் குறைந்தபட்சச் சம்பளத்தை உறுதிசெய்த 1927 ஆம் ஆண்டின் இந்தியத் தொழிலாளர் கட்டளைச் சட்டம், ஆண், பெண், சிறுவர் என மூன்று வகுப்பாருக்கும் தனித்தனி வீதங்களுக்கு இடமளித்தது. சட்டமே சிறுவரைச் சம்பளப் பட்டியலில் ஒரு வகுப்பாக ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. பின்னாளில் தோட்ட வேலையிலிருந்து சிறுவர் விலகினாலும், நகர வீடுகளின் சமையலறைகளுக்குச் செல்லும் பாதை மூடப்படவில்லை. தரகர் ஒருவர் லயனுக்கு வருவார். முற்பணம் கைமாறும். பிள்ளைக்கு நல்ல சாப்பாடும் உடுப்பும் கிடைக்கும், படிக்கவும் வைப்பார்கள் என்று சொல்லப்படும். மாதச் சம்பளம் பெற்றோருக்கோ தரகருக்கோ போகும். பிள்ளையின் கையில் எதுவும் இராது.

அதன் விலை என்ன என்பதை நாடு இருமுறை அதிர்ச்சியோடு அறிந்துகொண்டது. 2009 ஓகஸ்ட்டில், கொழும்பில் வீட்டு வேலை செய்துவந்த மலையகச் சிறுமியர் இருவர் பௌத்தாலோக்க மாவத்தைக் கால்வாயில் சடலங்களாக மீட்கப்பட்டனர். 2021 ஜூலையில், கொழும்பில் தாம் வேலை செய்த வீட்டில் தீக்காயங்களுக்கு உள்ளான 16 வயது மலையகச் சிறுமி ஒருவர் மருத்துவமனையில் உயிரிழந்தார். மலையகம் எங்கும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள்.

இவ்விடத்தில் ஓஷினின் நாட்டு வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்கிறது. கதையில் அவள் வேலைக்கு அனுப்பப்படும் 1907 ஆம் ஆண்டிலேயே ஜப்பான் தனது கட்டாயக் கல்வியை நான்கு ஆண்டுகளிலிருந்து ஆறு ஆண்டுகளாக நீட்டியது. தொடக்கப் பாடசாலைக் கட்டணம் அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே நீக்கப்பட்டிருந்தது. சட்டம் இருந்தது, பாடசாலையும் இருந்தது. ஆயினும் ஓஷினைப் போன்ற பிள்ளைகளின் முதுகில் முதலாளி வீட்டுக் குழந்தை இருந்தது. காரணம், நிலம் இன்னும் பிறரிடமே இருந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் நிகழ்ந்த நிலச் சீர்திருத்தம் குத்தகை விவசாயிகளை நில உரிமையாளர்களாக்கியது. 1947 இல் ஒன்பது ஆண்டுக் கட்டாயக் கல்வியும், பதினைந்து வயதுக்குக் குறைந்தோரை வேலைக்கு அமர்த்துவதைத் தடைசெய்யும் தொழிற் சட்டமும் வந்தன. பிள்ளைகளை அனுப்பி அரிசி பெறும் வழக்கத்தை ஒழித்தவை இவையே. பிள்ளைகளின் பொறுமை அதனை ஒழிக்கவில்லை.

நம் நாட்டிலும் சட்டத்துக்குக் குறைவில்லை. 1998 முதல் 5 தொடக்கம் 14 வரை இருந்த கட்டாயக் கல்வி வயது, 2016 இல் 16 வரை உயர்த்தப்பட்டது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயதை 14 இலிருந்து 16 ஆக உயர்த்தும் திருத்தச் சட்டம் 2021 ஜனவரியில் நிறைவேறியது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998 ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைக்கப்பட்டது. 1929 என்ற இலக்கத்துக்கு எவரும் அழைத்து முறையிடலாம். ஆயினும், நிலமும் வீடும் தோட்ட நிருவாகத்துக்கு உரியவையாகவும் நாட்சம்பளம் குடும்பத்துக்குப் போதாததாகவும் இருக்கும் இடத்தில், தரகரின் முற்பணம் சட்டப் புத்தகத்தைவிட வேகமாக லயனை வந்தடையும். வீட்டுக்கு ஏழு பேர்ச் காணி என்று அரசாங்கங்கள் அளித்த வாக்குறுதி எல்லாத் தோட்டக் குடும்பங்களையும் இன்னும் சென்றடையவில்லை. பாடசாலையை விட்டு இடைவிலகும் பிள்ளையைப் பற்றி அதிபரும், கிராம உத்தியோகத்தரும், தோட்ட நலன்புரி உத்தியோகத்தரும் ஒருவருக்கொருவர் தகவல் பரிமாறாவிட்டால், அப்பிள்ளை எங்கே போனது என்பது எவருக்கும் தெரியாமலே போய்விடும்.

திரைப்படமும் பார்வையாளர் கருத்தும் இதில் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். சட்டத்தின் வேலையைத் திரைப்படம் செய்யாது. ஆனால் எதைக் கண்டு இரங்குவது, எதைக் கண்டு கேள்வி கேட்பது என்ற பழக்கத்தை அது நமக்குத் தருகிறது. பொறுமையுள்ள சிறுமியைப் போற்றிப் பழகிய பார்வையாளர், தமது வீட்டுச் சமையலறையில் நிற்கும் சிறுமியின் மௌனத்தையும் பொறுமை என்றே எடுத்துக்கொள்வார். 'ஓஷின்' பார்த்து அழுத வீடுகளிலேயே அத்தகைய சிறுமியர் வேலை செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அழுகையில் பொய்யில்லை. அது திரையோடு நின்றுவிட்டது என்பதே குறை.

அனிமே படங்களைப் பார்க்கும் இன்றைய தோட்ட இளைஞரைப் பெரியவர்கள் குறைகூறுவதுண்டு. அவர்கள் பார்ப்பதில் சண்டையும் இரத்தமும் மிகுதி என்பது மறுக்க முடியாதது. ஆயினும் மருந்துக்குப் பணமில்லாத வீட்டுச் சிறுவன் எவ்வாறு அரக்கனானான் என்று அப்படங்களிலொன்று சொல்லும்போது, அதைச் சலிப்பூட்டும் பகுதி என்று தள்ளிவிடாமல் அதைப் பற்றி வாதிடுகிறவர்களும் அவர்களிடையே இருக்கிறார்கள். அந்த வாதத்தை ஆசிரியர்கள் வகுப்பறைக்குக் கொண்டுவரலாம். தமிழ்த் தினப் போட்டிகளுக்கும் கட்டுரைப் பயிற்சிகளுக்கும் பழகிப்போன தலைப்புகளையே கொடுப்பதற்குப் பதிலாக, தாம் பார்த்த படமொன்றில் ஒரு பிள்ளைக்கு நேர்ந்த அநீதிக்கு யார் பொறுப்பு என்று எழுதச் சொல்லலாம். தந்தை என்று சிலர் எழுதுவார்கள், முதலாளி என்று சிலர் எழுதுவார்கள். நிலத்தைப் பற்றியும் சட்டத்தைப் பற்றியும் ஒரு மாணவி எழுதினால், அந்த ஆசிரியரின் உழைப்பு வீண்போகவில்லை.

கார் பற்றரியில் இயங்கிய அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி இன்று இல்லை. கேள்வி கேட்ட அம்மாவும் இல்லை. அவர் மகள் பின்னாளில் தோட்டத்துக்குத் திரும்பி வந்து, தன் பிள்ளைகள் இருவரையும் க.பொ.த. சாதாரண தரம் வரை படிக்க வைத்தார். வேலைக்குப் பிள்ளை கேட்டு எவராவது வந்தால், அவர்களைத் திருப்பியனுப்ப அவரிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது என்று சொல்வார்கள். அது, அவர் தாய் அன்று திரையைப் பார்த்துக் கேட்ட அதே கேள்விதான்.